நடந்த வழியை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

என் நண்பன் ஒருவன் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனான். போனில் இருந்த வரைபடம் ஒரு குறுக்கு வழியைக் காட்டியது. பாதி தூரம் போன பிறகு பார்த்தால் எதிரே 14 படிகள். வந்த வழியே திரும்பி, சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் உள்ளே விடும் நேரம் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் நான் அதே படிகளில் ஏறி இறங்கியிருந்தேன். அவற்றை வரைபடத்தில் குறிக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அப்படிக் குறிக்க முடியும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

அந்த இரண்டு நிமிட வேலையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எப்படியும் பயணம் போகிறோம், கையில் போன் இருக்கிறது, பல சமயம் கூடவே நண்பர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்றும் இருந்தால் போதும். தன்னார்வப் பணி என்றதும் நேரம் ஒதுக்கி, பெயர் பதிந்து, பயிற்சிக்குப் போக வேண்டும் என்று நினைத்துத் தயங்குபவர்கள் நிறையப் பேர். இதற்கு அது எதுவும் வேண்டாம்.

நாம் வேலை செய்யப்போகும் இடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம். 2004-இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. விக்கிப்பீடியாவைப் போலவே யார் வேண்டுமானாலும் இதில் சேர்க்கலாம், திருத்தலாம். சேர்ந்த தகவலை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும், மேம்படுத்திய தரவை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்ஆண்ட் போன்ற இணையமில்லாமல் ஓடும் வரைபடச் செயலிகள் இந்தத் தரவில்தான் இயங்குகின்றன. எந்த இடத்துக்குச் சக்கர நாற்காலியில் போக முடியும் என்று பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் காட்டும் வீல்மேப்பும் அப்படித்தான். 2010-இல் ஜெர்மனியில் தொடங்கியது அது. நீங்கள் ஒரு தடவை குறித்தால் இத்தனை இடங்களுக்கும் அது போய்ச் சேரும்.

முதலில் ஒரு கணக்கு

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்துக்குப் போய் ஒரு கணக்கு தொடங்குங்கள். மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும். பயனர் பெயர் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் உங்கள் பயனர் பெயரோடும் நேரத்தோடும் எல்லோருக்கும் தெரியும்படி பதிவாகும். நீங்கள் எந்த நாளில் எந்தத் தெருவில் இருந்தீர்கள் என்பதை யாரும் அதிலிருந்து ஊகிக்க முடியும். அதனால் சொந்தப் பெயரையும் மற்ற இடங்களில் பயன்படுத்தும் பெயரையும் விட்டுவிட்டு வேறொரு பெயர் வைத்துக்கொள்வது நல்லது. முதல் திருத்தத்தை வீட்டு வாசலில் தொடங்காதீர்கள். தனியாகப் பயணம் செய்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு பதிவேற்றுங்கள். பெரும்பாலான செயலிகளில் தானாகப் பதிவேற்றுவதை அமைப்புகளில் போய் நிறுத்திவைக்கலாம்.

எந்தச் செயலி?

ஆண்ட்ராய்டு போன் என்றால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. புதியவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் நான் பார்த்ததில்லை. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி வரைபடத்தில் சின்னச் சின்னக் குறிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. இந்தப் பாதை மண்ணா, தாரா, கல் பதித்ததா? இந்தப் பேருந்து நிறுத்தத்தில் கூரை இருக்கிறதா? இந்தப் படிக்கட்டில் எத்தனை படிகள், கைப்பிடி உண்டா, பக்கத்தில் சாய்தளம் இருக்கிறதா? பார்த்துவிட்டு விடையைத் தட்டினால் போதும். வரைபடம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் தள்ளி இருந்துகொண்டு விடை சொன்னால், நேரில் பார்த்துத்தான் சொல்கிறீர்களா என்று செயலியே திருப்பிக் கேட்கும். அந்தக் கேள்வியை மதியுங்கள்.

ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டுக்கு ஒரு எல்லையும் உண்டு. ஏற்கெனவே வரைபடத்தில் இருப்பதை முழுமையாக்கத்தான் அது பெரும்பாலும் உதவும். வரைபடத்திலேயே இல்லாத ஒரு படிக்கட்டைக் கண்டால், அந்த இடத்தில் ஒரு குறிப்பு எழுதி, படமும் எடுத்து இணைத்துவிடுங்கள். அனுபவமுள்ள இன்னொருவர் அதைப் பார்த்து வரைந்துவிடுவார், அல்லது வீட்டுக்குப் போய் நீங்களே வரையலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் எவ்ரி டோர் என்ற செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆண்ட்ராய்டிலும் உண்டு. கடைகள், அலுவலகங்கள், முகவரிகள், இருக்கைகள், குடிநீர்க் குழாய்கள் இவற்றைச் சேர்க்க நன்றாக இருக்கும்.

போனைத் தயார் செய்தல்

நம் போன் தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் குறையும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால், ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துப் போன் தன் இடத்தைக் கணக்கிடும். திறந்த வெளியில் சாதாரணப் போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சரியாகக் காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் அப்படி இல்லை. சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் கொஞ்சம் தாமதமாகச் சேரும். போன் அதை நம்பி நம்மைத் தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

ஆகவே திரையில் நம் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியை அப்படியே நம்பி எதையும் குறிக்காதீர்கள். தெரு முனையிலிருந்து இரண்டாவது கட்டடம், மரத்துக்கு எதிரில், நடைபாதையின் உள்பக்கம் என்று கண்ணால் பார்த்து இடம் பிடியுங்கள். புள்ளி வெறும் துணைதான்.

இணையம் இருக்கும்போது செயற்கைக்கோள்களின் இருப்பிட விவரத்தைப் போன் இணையத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். இணையம் இல்லாத புதிய இடத்தில் வானத்திலிருந்து மெதுவாக வாங்க வேண்டியிருப்பதால், இடம் காட்டச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். கிளம்புவதற்கு முன்பே திறந்த இடத்தில் நின்று இடம் பிடிபட்டதா என்று பார்த்துவிடுங்கள். போகும் பகுதியின் வரைபடத்தையும் முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேட்டரி. ஜிபிஎஸ் பேட்டரியைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் வெயிலில் முழு வெளிச்சத்தில் எரியும் திரை அதைவிட அதிகமாகத் தின்னும். நடக்கும்போது திரையை அணைத்துவிட்டு, நிற்கும் இடத்தில் மட்டும் திறவுங்கள். பவர் பேங்க் கொண்டுபோகிறீர்கள், விமானப் பயணம் என்றால், அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. பொதுவாக 100 வாட் மணி கொள்ளளவு வரை அனுமதி கேட்காமல் எடுத்துப்போகலாம். பவர் பேங்கின் மேல் பெரும்பாலும் மில்லி ஆம்பியர் மணிதான் அச்சிட்டிருக்கும், அதை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட் மணி வந்துவிடும். 20,000 என்று போட்டிருந்தால் 74. கவலையில்லை. விமான நிறுவனத்துக்கு நிறுவனம் கூடுதல் விதிகள் இருக்கும், கிளம்பும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

முதல் நடை

அரை மணி நேரம், ஒரே தெரு. இதற்கு மேல் வேண்டாம். ஊரையே முடித்துவிடும் வேகத்தில் ஆரம்பித்தவர்கள் இரண்டாம் வாரம் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

செயலியில் எல்லா வகைக் கேள்விகளும் வந்து திரையை நிறைக்கும். அமைப்புகளில் போய் மூன்று நான்கு வகைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்திவிடுங்கள். நான் முதலில் வைத்துக்கொண்டவை படிக்கட்டு, நடைபாதை, பேருந்து நிறுத்தம், கழிப்பறை. காரணம் எளிது. உணவகத்தின் பெயரை அதன் உரிமையாளரே எப்படியாவது வரைபடத்தில் ஏற்றிவிடுவார். பூங்காவின் பின்வாசலில் இருக்கும் கழிப்பறைக்குச் சக்கர நாற்காலி போகுமா என்பதை ஏற்ற யாருக்கும் லாபம் இல்லை. அதைத் தேடி அலைபவருக்கோ அதைவிட முக்கியமான தகவல் அந்த நேரத்தில் கிடையாது. சாலையைக் கடக்கும் இடத்தில் பார்வையற்றோர் காலால் உணரும் புடைப்பு ஓடுகள் பதித்திருக்கிறார்களா, சிக்னல் ஒலி எழுப்புமா என்பதும் அப்படித்தான். நாம் தினமும் கடந்து போகும் இடத்தில் இவையெல்லாம் நம் கண்ணில் படவே படாது. கேள்வி வந்த பிறகுதான் குனிந்து பார்ப்போம்.

நடந்துகொண்டே திரையைப் பார்க்காதீர்கள். ஓரமாக நின்று, பார்த்து, தட்டி, போனைப் பையில் போட்டுவிட்டு நடங்கள். சந்தேகம் இருந்தால் விடை சொல்லாமல் விட்டுவிடுங்கள். வரைபடத்தில் தகவல் இல்லையென்றால் போகிறவர் வேறு யாரையாவது விசாரிப்பார். தவறான தகவல் இருந்தால் அதை நம்பிக் கிளம்பிவிடுவார். என் நண்பனுக்கு நடந்தது அதுதான். அந்தப் படிக்கட்டு இருந்த இடத்தில் சாதாரண நடைபாதை என்று யாரோ ஊகித்துக் கோடு போட்டிருந்தார்கள்.

பலகைகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது பெரிய உதவி. திறந்திருக்கும் நேரம், நடைமேடை எண், நுழைவு விதி எல்லாம் நினைவில் நிற்காது. மனிதர் முகமும் வண்டி எண்ணும் விழாமல் எடுங்கள். இராணுவ இடங்கள், எல்லைப் பகுதிகள், படம் எடுக்கக்கூடாது என்று எழுதியிருக்கும் இடங்கள் பக்கம் போனை எடுக்கவே வேண்டாம். சில நாடுகளில் அளவெடுப்புக்கே தனிச் சட்டம் உண்டு. சீனாவில் அனுமதியில்லாமல் தனிநபர் அளவெடுத்து வரைபடம் செய்வது சட்டத்துக்கு எதிரானது. வேற்று நாட்டுக்குப் போகும் முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

வேறு வரைபடத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கக்கூடாது. கூகுள் மேப்ஸில் ஒரு தெருப் பெயரைப் பார்த்து இங்கே எழுதுவதும் இதில் அடங்கும். அது அவர்களுடைய உரிமைக்குட்பட்ட தகவல். நம் தகவல் யாரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டுமென்றால், அது நம் கண்ணால் கண்டதாகவோ, அனுமதி உள்ள மூலத்திலிருந்து வந்ததாகவோ இருக்க வேண்டும். புதியவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான். பிறகு கண்டுபிடித்து நீக்குவது மற்றவர்களுக்குப் பெரிய வேலை.

தனி மனிதர் விவரங்கள் வேண்டாம். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது வரைபடத்துக்குரிய தகவல் அல்ல. வன்முறைக்குத் தப்பி வந்தவர்கள் தங்கும் இல்லங்கள் போன்றவற்றைத் தெரிந்தாலும் குறிக்காதீர்கள்.

இடப்பெயர்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதன்மைப் பெயர் என்ற இடத்தில் அங்குள்ள பலகையில், அந்த ஊர் மொழியில் எழுதியிருப்பதுதான் வர வேண்டும். தமிழ்ப் பெயருக்குத் தனி இடம் உண்டு, அங்கே எழுதலாம். அப்படி எழுதினால் தமிழில் வரைபடம் பார்ப்பவருக்குத் தமிழிலேயே தெரியும். வழக்கில் இருக்கும் பெயரை எழுதுங்கள். நாமாக மொழிபெயர்த்துப் புதுப்பெயர் சூட்ட வேண்டாம்.

நண்பர்களோடு போனால்

இந்த வரைபடத்தின் தொடக்க காலத்திலேயே கூட்டமாகப் போகும் பழக்கம் வந்துவிட்டது. 2006 மே மாதம் இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவில் ஒரு வார இறுதிக்குத் தன்னார்வலர்கள் கூடி, ஜிபிஎஸ் கருவிகளோடு தீவின் சாலைகளைப் பங்கு போட்டுக்கொண்டு சுற்றி வந்து வரைபடம் செய்தார்கள். இன்றும் உலகின் பல நகரங்களில் அதே முறையில் கூடுகிறார்கள்.

நமக்கு மூன்று நான்கு பேர் போதும். இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் போனைப் பார்க்க, மற்றவர் சாலையையும் சுற்றுப்புறத்தையும் பார்க்கட்டும். இது பாதுகாப்புக்காக மட்டுமில்லை. திரையைப் பார்க்காதவர் கண்ணில்தான் சந்துக்குள் இருக்கும் நீர்க்குழாய் படும். ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டில் குழு முறை ஒன்று இருக்கிறது. எத்தனை பேர் என்றும் அவரவர் எத்தனையாவது ஆள் என்றும் சொல்லிவிட்டால், கேள்விகளைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஒரே கேள்விக்கு இருவர் விடை சொல்ல வேண்டியிருக்காது.

பயணத்தில் இதை ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்திவிடுங்கள். ஆர்வமில்லாத நண்பர்களை இழுத்துக்கொண்டு போய் நடைபாதைக் கற்களை எண்ண வைத்தால் அடுத்த பயணத்துக்கு அவர்கள் வர மாட்டார்கள். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம், எல்லோரும் தூங்கும் அதிகாலை, இவை எனக்கு ஒத்துவந்தவை. கூட வந்தவர் தானாகவே “என்ன செய்கிறாய்?” என்று கேட்கும்போது போனை அவர் கையில் கொடுத்து ஒரு கேள்விக்கு விடை சொல்லச் சொல்வேன். பிடித்தவர்கள் அன்றே செயலியை இறக்கிவிடுகிறார்கள்.

அன்று இரவே கணினியில்

குறிப்பும் படமும் எடுத்ததை அன்று இரவே உட்கார்ந்து ஏற்றுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அது எந்தத் தெரு என்றே நமக்கு விளங்காது.

தளத்தில் ‘திருத்து’ என்பதை அழுத்தினால் ஐடி என்ற திருத்தி உலாவியிலேயே திறக்கும். பின்னணியில் வான்வழிப் படம் இருக்கும். இதில் மூன்றே பொருள்கள்தான்: புள்ளி, கோடு, பரப்பு. நீர்க்குழாய் ஒரு புள்ளி, படிக்கட்டு ஒரு கோடு, பூங்கா ஒரு பரப்பு. வரைந்துவிட்டு, அது என்ன வகை என்று இடப்பக்கம் தேர்ந்தெடுத்து, தெரிந்த விவரங்களை நிரப்ப வேண்டும். படிக்கட்டு என்றால், ஏற்கெனவே உள்ள நடைபாதைக் கோட்டைப் படி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் துண்டாக்கி, நடுத்துண்டைப் படிக்கட்டு என்று மாற்றுங்கள். இரு முனையும் பாதையோடு ஒட்டியிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒட்டாமல் விட்டால் கண்ணுக்குச் சேர்ந்திருப்பது போலத் தெரியும்; வழி காட்டும் செயலிக்கு மட்டும் அங்கே பாதை அறுந்துபோயிருக்கும்.

வான்வழிப் படம் சில இடங்களில் பல மீட்டர் விலகியிருக்கும். தெருவில் பத்துக் கட்டடங்களும் ஒரே பக்கம் நகர்ந்தது போல் தெரிந்தால், பிழை படத்தில்தான், வரைபடத்தில் இல்லை. இது தெரியாமல் ஒரு முழுச் சாலையை நான் படத்துக்கு ஏற்ப நகர்த்தி வைத்தேன். மறுநாள் அந்த ஊர்க்காரர் ஒருவர், பலர் நடந்து பதிந்த ஜிபிஎஸ் தடங்களைத் திரையில் எப்படிக் காட்டுவது, அவற்றோடு படத்தை எப்படிச் சரி செய்வது என்று பொறுமையாக எழுதியிருந்தார். அன்றிலிருந்து தடங்களைப் பார்க்காமல் எந்தச் சாலையையும் தொடுவதில்லை.

சேமிக்கும்போது ஒரு வரி விளக்கம் கேட்கும். ‘திருத்தம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். “நேரில் பார்த்தது: பூங்காவின் வடக்கு வாசல் படிகள், கைப்பிடியோடு” என்று எழுதினால், பின்னால் வருபவர் நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். முதன்மை வரைபடத்தில் பெரும்பாலும் சில நிமிடங்களில் மாற்றம் தெரிந்துவிடும். இணையமில்லாத செயலிகளில் அவை அடுத்த முறை தரவைப் புதுப்பிக்கும்போதுதான் வரும், அதனால் உடனே தெரியவில்லையே என்று இரண்டாம் முறை வரையாதீர்கள்.

யாராவது உங்கள் திருத்தத்தின் கீழ் கேள்வி கேட்டால் பதில் எழுதுங்கள். கடுமையாகத் தோன்றினாலும் பெரும்பாலும் அக்கறையில் கேட்பதுதான். தவறு என்றால் அந்தத் திருத்தத்தை முழுவதுமாகத் திரும்பப் பெறும் வசதி உண்டு. எதுவும் நிரந்தரமாகக் கெட்டுப்போகாது.

பயணம் போக முடியாத மாதங்களில்

2010 ஜனவரி 12-ஆம் தேதி ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகரான போர்ட்டோபிரின்ஸின் திறந்த வரைபடம் ஏறக்குறைய காலியாக இருந்தது. புதிதாக எடுத்த செயற்கைக்கோள் படங்களைப் பொதுவில் கொடுத்ததும், உலகின் பல மூலைகளிலிருந்த தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே சில நாட்களில் தெருக்களை வரைந்துவிட்டார்கள். மீட்புக் குழுக்கள் பல அந்த வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போயின. அதே ஆண்டு மனிதநேய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழு ஒரு அமைப்பாகவே உருவானது. 2014-இல் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் அதோடு சேர்ந்து மிஸ்ஸிங் மேப்ஸ் திட்டத்தைத் தொடங்கின. பேரிடர் வந்த பிறகு ஓடாமல், வருவதற்கு முன்பே வரைந்து வைப்பது நோக்கம்.

இதில் சேர, அவர்களுடைய பணி ஒதுக்கும் தளத்தில் உங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கிலேயே நுழையலாம். தொடக்கநிலை என்று குறித்த பணி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பகுதியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு கட்டத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு வேலை செய்யும்போது அது மற்றவர்களுக்குப் பூட்டியிருக்கும். பெரும்பாலும் வீடுகளை வரைய வேண்டியிருக்கும். கூரையின் விளிம்பை வரையாமல் சுவர் தரையைத் தொடும் இடத்தை வரையுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் இரண்டும் வேறு வேறு இடத்தில் தெரியும். நான்கு மூலையும் வைத்த பிறகு க்யூ விசையை அழுத்தினால் மூலைகள் நேராகும். வட்டமான வீட்டை வட்டமாகவே வரையுங்கள். கட்டத்தை முடித்தால் அனுபவமுள்ள ஒருவர் சரிபார்த்துக் கருத்து எழுதுவார். அந்தக் கருத்துகளைப் படித்துத்தான் நான் வரையவே கற்றுக்கொண்டேன்.

போன இடத்துக்கே மீண்டும் போனால், பழைய குறிப்புகளைத் திரும்பச் சரிபாருங்கள். கழிப்பறை மூடியிருக்கும், நிறுத்தம் நகர்ந்திருக்கும். பழைய தகவலைக் காலம் கழித்து ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டே மறுபடி கேட்கும்.

அந்த 14 படிகளையும் குறித்தாகிவிட்டது. என் நண்பன் தனியாக ஒரு நாள் அங்கே போய், கட்டடத்தின் பின்பக்கம் இருந்த சாய்தளத்தையும் அதற்குப் போகும் பாதையையும் சேர்த்தான். போன மாதம் பார்த்தபோது, நாங்கள் இருவரும் அறியாத யாரோ ஒருவர் அந்தச் சாய்தளத்தில் இடப்பக்கம் மட்டும் கைப்பிடி உண்டு என்று எழுதி வைத்திருந்தார்.